மூலவர் வீதிக்கு வருவதில்லை: ஜிபிஜி சாவிகளைக் கணினி விட்டுக் கணினி கொண்டுபோவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

ஜிபிஜி என்பது கடிதத்தையும் கோப்பையும் பூட்டவும், அவற்றில் கையெழுத்துப் போடவும் உதவும் மென்பொருள். அதன் சாவி ஒவ்வொன்றுக்கும் எல்லோருக்கும் கொடுக்கும் பொதுப்பகுதி (பொதுச் சாவி), நம்மிடமே இருக்கும் ரகசியப்பகுதி (ரகசியச் சாவி) என்று இரண்டு உண்டு. முன்னதால் பூட்டலாம், கையெழுத்தைச் சரிபார்க்கலாம்; பின்னதால்தான் திறக்கவும் கையெழுத்துப் போடவும் முடியும். இந்தச் சாவிகளைப் புதிய கணினிக்கு மாற்றுவது குறித்துத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். திரையில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு எதையும் மாற்ற வேண்டாம். ‘கைரேகை’ என்று வரும் இடத்தில் உங்கள் சாவியின் 40 எழுத்துக் கைரேகையை, அதாவது சாவியை அடையாளம் காட்டும் எண்ணை, போடவேண்டும்.

வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறேன். கிட் கமிட்டுகளுக்கு (நிரலில் செய்யும் மாற்றங்களின் பதிவுகளுக்கு) ஜிபிஜி கையெழுத்து போட்டாக வேண்டும். புது லேப்டாப் வந்திருக்கிறது. “சாவியை அப்படியே தூக்கிப் போடாதீங்க, சப்கீயை மட்டும் கொண்டுபோங்க” என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். நான் உருவாக்கியது ஒரு சாவிதானே, சப்கீ எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

நீங்கள் உருவாக்கியது ஒரு சாவி அல்ல, ஒரு கொத்து. பழைய கணினியில் ‘ஜிபிஜி --லிஸ்ட்-சீக்ரெட்-கீஸ்’ என்று தட்டிப் பாருங்கள். ‘செக்’ என்று தொடங்கும் வரி மூலச்சாவி. அதன் கீழே ‘எஸ்எஸ்பி’ என்று தொடங்கும் வரி ஒவ்வொன்றும் ஒரு துணைச்சாவி. அதைத்தான் உங்கள் அலுவலக நண்பர் சப்கீ என்கிறார்.

மன்னார்குடிக்காரருக்கு இதை விளக்க வெளியே உவமை தேட வேண்டாம். பங்குனித் திருவிழாவில் வீதியுலா வருபவர் உற்சவரான ராஜகோபாலன். மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. உற்சவருக்குத்தான் வெயில், மழை, கூட்டம் எல்லாம். ஜிபிஜியிலும் அதே ஏற்பாடு. தினம் கையெழுத்துப் போடுவதும், வந்த கடிதத்தைத் திறப்பதும், சர்வருக்குள் நுழைவதும் துணைச்சாவிகளின் வேலை. மூலச்சாவிக்கு வருடத்தில் சில நாள்தான் வேலை இருக்கும்: புதிய துணைச்சாவி சேர்க்க, பழையதை ரத்துசெய்ய, காலாவதித் தேதியை நீட்ட, மின்னஞ்சல் முகவரி மாற்ற, இன்னொருவர் சாவிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட. இவற்றில் எதுவுமே பேருந்திலோ ரயிலிலோ உட்கார்ந்து செய்யவேண்டியதில்லை. அதனால்தான் லேப்டாப்பில் மூலச்சாவி இருக்க வேண்டாம் என்கிறோம்.

ஒவ்வொரு வரியிலும் சதுர அடைப்புக்குள் சில எழுத்துகள் நிற்கும். சி என்றால் சான்றளிக்கும் உரிமை; இது மூலச்சாவிக்கு மட்டுமே உண்டு. எஸ் கையெழுத்து. ஈ பூட்டித் திறப்பது. ஏ என்பது எஸ்எஸ்எச் (வேறொரு கணினிக்குள் வலை வழியாகப் பாதுகாப்பாக நுழையும் முறை) போன்றவற்றில் உள்ளே நுழைய அடையாளம் காட்டுவது. துணைச்சாவி ஒவ்வொன்றும் கணிதப்படி தனிச் சாவி. மூலச்சாவியைக் கொண்டு அதைக் கணக்கிட்டு எடுக்க முடியாது. “இது என்னுடையது” என்று மூலச்சாவி போட்ட கையெழுத்து ஒன்றுதான் இரண்டையும் கட்டி வைத்திருக்கிறது. ஆகவே துணைச்சாவி திருடுபோனால் அந்தக் கட்டை மூலச்சாவியால் அவிழ்த்துவிடலாம். மூலச்சாவியே திருடுபோனால் அவிழ்க்க ஆளில்லை. முழு அடையாளமும் போய்விடும். ஜிபிஜி போன்ற மென்பொருள்களுக்கான பொது வரையறையான ஓப்பன்பிஜிபியில் இந்த அமைப்பு 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2440 என்ற ஆவணம் முதல் இருக்கிறது. 2007-இல் வந்த 4880, 2024-இல் வந்த 9580 இரண்டிலும் தொடர்கிறது.

இனி உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் விஷயம். ஜிபிஜி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எண்டர் தட்டி உருவாக்கிய கொத்தாக இருந்தால், மூலச்சாவிக்கு எஸ், சி இரண்டும் இருக்கும். துணைச்சாவி ஒன்றே ஒன்று, அதுவும் ஈ. இந்த நிலையில் துணைச்சாவியை மட்டும் புது லேப்டாப்புக்குக் கொண்டுபோனால் கடிதம் திறக்கும், கையெழுத்து விழாது. கிட் ‘சீக்ரெட் கீ இல்லை’ என்று நின்றுவிடும். துணைச்சாவி சரியில்லை என்று நினைத்து அங்கேயே முழுச் சாவியையும் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. பழைய கணினியில், மாற்றுவதற்கு முன்பே, கையெழுத்துக்கென்று ஒரு துணைச்சாவி சேர்த்துக்கொள்ளுங்கள்:

ஜிபிஜி --குயிக்-ஆட்-கீ கைரேகை ஈடி25519 சைன் 1ஒய்

கடைசியில் உள்ள 1ஒய் ஒரு வருட ஆயுள். ஈடி25519 என்பது சாவியின் வகை. மூலச்சாவி ஆர்எஸ்ஏ என்ற வேறு வகையாக இருந்தாலும் இந்தத் துணைச்சாவி சேரும். கிட்டில் மூலச்சாவியின் எண்ணையே கொடுத்திருந்தாலும் மாற்ற வேண்டாம். கையெழுத்துக்குரிய புதிய துணைச்சாவியை ஜிபிஜி தானே எடுத்துக்கொள்ளும். பொதுச் சாவியை மட்டும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, கிட் களஞ்சியம் இருக்கும் தளத்தில் பழையதை நீக்கிப் புதியதை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கமிட்டுகள் சரிபார்க்கப்படாதவையாகவே காட்டும்.

மாற்றும் வழியை முதல் படியிலிருந்து கடைசி வரை சொல்லுங்கள். பழையது லினக்ஸ், புதியதும் லினக்ஸ்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

முதலில் இரண்டு கணினியிலும் ‘ஜிபிஜி --வெர்ஷன்’ போட்டுப் பாருங்கள். 2.1 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். 2014 நவம்பரில் வந்த 2.1-இல்தான் ரகசியச் சாவிகளை வைக்கும் முறை அடியோடு மாறியது. அதற்கு முன் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. இப்போது சாவிக்கு ஒரு கோப்பாகத் தனி ஃபோல்டரில் இருக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் ரகசியச் சாவியோடு புதிய துணைச்சாவியை இணைப்பதும் 2.1 முதல்தான் ஒழுங்காக நடக்கிறது. ஒரு பக்கம் 1.4 இருந்தால் அதைப் புதுப்பித்த பிறகு தொடங்குங்கள்.

பழைய கணினியில் முதல் வேலை முழு நகல். மூலச்சாவியும் துணைச்சாவிகளும் சேர்ந்தது:

ஜிபிஜி --அவுட்புட் மூலம்.ஏஎஸ்சி --ஆர்மர் --எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-கீஸ் கைரேகை

கடவுச்சொல் கேட்கும். சில பதிப்புகளில் கொத்தில் உள்ள ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனியாகக் கேட்கும். ஏதோ தவறு என்று நினைத்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள், கேட்கும் வரை கொடுங்கள். இந்தக் கோப்பு புது லேப்டாப்புக்குப் போகாது. பூட்டி வைக்கும் பென்டிரைவுக்குப் போகும்.

அடுத்தது பயணம் போகிற கோப்பு:

ஜிபிஜி --அவுட்புட் துணை.ஏஎஸ்சி --ஆர்மர் --எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-சப்கீஸ் கைரேகை

இரண்டு கட்டளைக்கும் ‘சப்’ என்ற மூன்றெழுத்துதான் வித்தியாசம். அவசரத்தில் முதலாவதையே இரண்டு முறை தட்டிவிடுவது நடக்கும். அதைக் கண்டுபிடிக்கும் இடம் பின்னால் வருகிறது. சப்கீஸ் கோப்பில் மூலச்சாவியின் பொதுப்பகுதியும், ரகசியப்பகுதி இருக்கவேண்டிய இடத்தில் வெற்று அடையாளம் ஒன்றும் இருக்கும்.

மூன்றாவது, மற்றவர்கள் சாவிகள். ‘ஜிபிஜி --அவுட்புட் பொது.ஏஎஸ்சி --ஆர்மர் --எக்ஸ்போர்ட்’ என்று பெயர் எதுவும் கொடுக்காமல் போட்டால் உங்களிடம் உள்ள எல்லாப் பொதுச் சாவியும் ஒரே கோப்பில் வரும். யார் சாவியை எவ்வளவு நம்புகிறீர்கள் என்ற குறிப்பு இதில் வராது, அது தனி. ‘ஜிபிஜி --எக்ஸ்போர்ட்-ஓனர்ட்ரஸ்ட்’ அதைத் தரும். வருவது வெறும் எழுத்துதான், ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சேமித்துக்கொள்ளலாம்.

கொண்டுபோகும் வழி: துணைச்சாவிக் கோப்பை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ உங்களுக்கே அனுப்பிக்கொள்ள வேண்டாம். கடவுச்சொல்லால் பூட்டித்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கோப்பின் ஒரு பிரதி எங்கோ ஒரு சர்வரில் காலத்துக்கும் கிடக்கும்; கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க வருடக்கணக்கில் அவகாசம் கொடுத்ததாகிவிடும். ஒரே வீட்டு வைஃபையில் இரண்டு கணினியும் இருந்தால் எஸ்எஸ்எச் வழியாக அனுப்புவது நல்லது, இடையில் எங்கும் கோப்பு தங்காது. இல்லையென்றால் லினக்ஸின் எல்யூகேஎஸ் முறையில் முழுசாகப் பூட்டிய பென்டிரைவ். சாதாரண பென்டிரைவில் போட்டுப் பிறகு அழித்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஃபிளாஷ் நினைவகம் தேய்மானத்தைப் பரவலாக்க ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும். மேலே எழுதி அழிக்கும் ஷ்ரெட் போன்ற கட்டளை பழைய இடத்தைத் தொடாமலே போகலாம்.

புதிய லேப்டாப்பில் ‘ஜிபிஜி --இம்போர்ட் துணை.ஏஎஸ்சி’, பிறகு ‘ஜிபிஜி --இம்போர்ட் பொது.ஏஎஸ்சி’, பிறகு ‘ஜிபிஜி --இம்போர்ட்-ஓனர்ட்ரஸ்ட்’ உடன் அந்த டெக்ஸ்ட் கோப்பு. முடிந்ததும் ‘ஜிபிஜி --லிஸ்ட்-சீக்ரெட்-கீஸ்’.

இப்போது நிதானமாகப் பாருங்கள். முதல் வரி ‘செக்’ என்று மட்டும் இருந்தால் மூலச்சாவியும் வந்துவிட்டது, தவறான கோப்பைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ‘செக்’ பக்கத்தில் # குறி ஒட்டிக்கொண்டு நின்றால் சரி: மூலச்சாவியின் ரகசியப்பகுதி இங்கே இல்லை என்று பொருள். ‘எஸ்எஸ்பி’ வரிகளுக்குப் பக்கத்தில் # இருக்கக்கூடாது. இருந்தால் அந்தத் துணைச்சாவி வந்து சேரவில்லை. > குறி தெரிந்தால் அது ஸ்மார்ட்கார்டுக்குள் இருக்கிறது.

நம்பிக்கைக் குறிப்பைக் கொண்டுவரவில்லை என்றால் உங்கள் பெயருக்கு எதிரே ‘அன்னோன்’ என்று இருக்கும். ‘ஜிபிஜி --எடிட்-கீ கைரேகை’ போட்டு, உள்ளே ‘ட்ரஸ்ட்’ என்று தட்டி, 5-ஐத் தேர்ந்தெடுத்து ‘குயிட்’ கொடுங்கள். 5 என்பது சொந்தச் சாவிக்கு மட்டும். நண்பர்கள் சாவிக்கு 5 கொடுத்தால் அவர்கள் சான்றளித்த சாவியையெல்லாம் நீங்களே சான்றளித்ததுபோல் ஜிபிஜி எடுத்துக்கொள்ளும்.

சோதனை செய்யாமல் பழைய கணினியில் கை வைக்க வேண்டாம். புதியதில் ஒரு சிறிய கோப்புக்கு ‘ஜிபிஜி --கிளியர்சைன்’ போட்டுப் பாருங்கள். பழைய மின்னஞ்சல் ஒன்றை, முடிந்தால் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் வந்ததை, திறந்து பாருங்கள். இரண்டும் நடந்தால் மாற்றம் முடிந்தது.

பழைய கணினியையே தொடர்ந்து வைத்துக்கொள்வதானால் அதிலிருந்தும் மூலச்சாவியை எடுத்துவிடலாம். முழு நகல் பென்டிரைவில் இருக்கிறதா, வேறொரு கணினியில் அது திறக்கிறதா என்று பார்த்த பிறகு, ‘ஜிபிஜி --லிஸ்ட்-சீக்ரெட்-கீஸ் --வித்-கீகிரிப்’ போடுங்கள். ஒவ்வொரு சாவிக்கும் கீழே 40 எழுத்து கீகிரிப் வரும். இது கைரேகை அல்ல. எழுத்து எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் மாற்றி எடுத்துவிடக்கூடாது. ரகசியச் சாவி ஃபோல்டரில் ‘செக்’ வரிக்குக் கீழே இருந்த கீகிரிப் பெயருடைய, ‘கீ’ என்று முடியும் கோப்பை மட்டும் நீக்குங்கள். பிறகு ‘ஜிபிஜிகான்ஃப் --கில் ஜிபிஜி-ஏஜென்ட்’. இனி அங்கேயும் # தெரியும்.

கடையில் ஒரு கணினி, வீட்டில் ஒரு கணினி. திருட்டுக்குப் பயந்து இரண்டுக்கும் தனித்தனித் துணைச்சாவி போட்டேன். இப்போது வருகிற கடிதங்கள் வீட்டில் மட்டும்தான் திறக்கின்றன. கடைக் கணினியில் என்ன கோளாறு?
– ஒரு வாசகர், திருவாரூர்

கணினியில் கோளாறு இல்லை. கையெழுத்துச் சாவிக்குப் பொருந்துகிற யோசனையை ஈ சாவிக்கும் செய்துவிட்டீர்கள். உங்களுக்குக் கடிதம் எழுதுகிறவர் கையில் உங்கள் பொதுச் சாவி இருக்கிறது. அதில் பூட்டுவதற்குரிய துணைச்சாவி இரண்டு இருந்தால் ஜிபிஜி இரண்டுக்கும் பூட்டாது. செல்லுபடியாகும் சாவிகளில் கடைசியாக உருவாக்கியது எதுவோ அது ஒன்றுக்கு மட்டும் பூட்டும். வீட்டுச் சாவி பிந்தியது போலிருக்கிறது, எல்லாம் அங்கே போகிறது.

கையெழுத்துச் சாவி கணினிக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், அது நல்ல பழக்கமும்கூட: ஒரு கணினி போனால் அதன் கையெழுத்தை மட்டும் ரத்துசெய்யலாம். எஸ்எஸ்எச் நுழைவுக்கான ஏ சாவியும் அப்படியே. ஆனால் பூட்டித் திறக்கும் ஈ சாவி எல்லாக் கணினியிலும் ஒன்றேதான் இருக்கவேண்டும். வீட்டுக் கணினியிலிருந்து அந்த ஒரு துணைச்சாவியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து கடைக்குக் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் எடுக்க அதன் எண்ணுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போடவேண்டும், எண்ணையும் குறியையும் சேர்த்து ஒற்றை மேற்கோளுக்குள் வைக்கவேண்டும். மேற்கோள் விட்டுப்போனால் லினக்ஸ் ஷெல் ஆச்சரியக்குறியை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் கடிதம் எந்தச் சாவிக்குப் பூட்டப்பட்டது என்று சந்தேகம் வந்தால் ‘ஜிபிஜி --லிஸ்ட்-பேக்கெட்ஸ்’ என்று கொடுத்துக் கோப்பின் பெயரைப் போடுங்கள். 16 எழுத்துச் சாவி எண்ணைக் காட்டும். அதை ‘ஜிபிஜி --லிஸ்ட்-சீக்ரெட்-கீஸ் --கீஐடி-ஃபார்மட் லாங்’ காட்டும் ‘எஸ்எஸ்பி’ வரிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடைக்கென்று போட்ட பழைய ஈ சாவியை அழித்துவிடாதீர்கள். அதற்குப் பூட்டி வந்த கடிதங்கள் அது இல்லாமல் ஒருநாளும் திறக்காது.

கணினி மையத்தில் விண்டோஸ் இயந்திரத்தில் எக்ஸ்போர்ட் செய்த கோப்பை வீட்டில் இம்போர்ட் செய்தால் ‘வேலிட் ஓப்பன்பிஜிபி டேட்டா இல்லை’ என்கிறது. இன்னொரு முறை செய்தபோது ‘டைம் வார்ப்’ என்று ஏதோ வந்தது. என்ன செய்வது?
– ஒரு மாணவர், மயிலாடுதுறை

முதல் பிழைக்குப் பெரும்பாலும் பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளைத் திரை) காரணம். > குறி போட்டுக் கோப்பில் சேமித்திருப்பீர்கள். விண்டோஸோடு வரும் 5.1 பவர்ஷெல், > குறி வழியாகப் போவதை யுடிஎஃப்-16 எழுத்துமுறைக்கு மாற்றி எழுதிவிடும். திரையில் திறந்து பார்த்தால் சாவி சரியாகத்தான் தெரியும், ஜிபிஜியால் படிக்க முடியாது. எக்ஸ்போர்ட்டுக்கு எப்போதும் ‘--அவுட்புட்’ பயன்படுத்துங்கள். மேலே நாம் கொடுத்த கட்டளைகளில் அதனால்தான் > குறியே இல்லை.

இரண்டாவது, கடிகாரம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோன பழைய மேசைக் கணினி, மின்சாரம் போய் வந்தால் பல வருடம் பின்னால் போய்விடும். அதன் கணக்கில் உங்கள் சாவி எதிர்காலத்தில் பிறக்கப்போகிற சாவி, ஆகவே ஏற்க மறுக்கிறது. தேதியைச் சரிசெய்து, பேட்டரியை மாற்றுங்கள். தலைகீழான ஆபத்தும் உண்டு: தேதி முன்னால் ஓடும் கணினியில் சாவி உருவாக்கினால் அந்தத் தவறான பிறந்த தேதி சாவிக்குள்ளேயே பதிந்துவிடும், மாற்ற வழியில்லை. சாவி உருவாக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

பொதுக் கணினி மையத்து இயந்திரத்தில் ரகசியச் சாவியை இம்போர்ட் செய்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விசைத் தட்டல்களைப் பதிவு செய்யும் நிரல் அதில் இருக்கிறதா என்று உங்களால் அறிய முடியாது.

ஜிபிஜி தன் கோப்புகளை வைக்கும் ஜிஎன்யுபிஜி ஃபோல்டரை முழுசாகக் காப்பியடித்தால் போதாதா?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு என்றால் போதும். ஆனால் மூலச்சாவியும் கூடவே போகும் என்பதை மறக்க வேண்டாம். காப்பி எடுக்கும் முன் ‘ஜிபிஜிகான்ஃப் --கில் ஆல்’ போட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எஸ் என்ற எழுத்தும் புள்ளியுமாகத் தொடங்கும் சாக்கெட் கோப்புகளையும் ரேண்டம் சீட் கோப்பையும் விட்டுவிடுங்கள். போட்ட இடத்தில் ஃபோல்டருக்கு 700, கோப்புகளுக்கு 600 என்று அனுமதி கொடுங்கள். பென்டிரைவ் ஃபேட் வடிவத்தில் இருந்தால் அனுமதிகள் வழியிலேயே தொலைந்திருக்கும், ‘அன்சேஃப் பெர்மிஷன்ஸ்’ எச்சரிக்கை அதனால்தான்.

எல்லாம் சரியாகக் காப்பி ஆகியும் சாவிப் பட்டியல் காலியாக வருகிறதா? காமன்.கான்ஃப் என்ற கோப்பில் ‘யூஸ்-கீபாக்ஸ்டி’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் புதிய ஜிபிஜி பொதுச் சாவிகளை வேறொரு தரவுத்தளத்தில் தேடும்; நீங்கள் கொண்டுவந்த பழைய கீபாக்ஸ் கோப்பைத் திரும்பியும் பார்க்காது. அந்தப் பழைய கோப்பிலிருந்து பொதுச் சாவிகளை இம்போர்ட் செய்துகொண்டால் தீரும்.

தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளில் என் சாவி தெரியவில்லை. டெர்மினலில் தெரிகிறது.
– ஒரு வாசகி, பாபநாசம்

தண்டர்பேர்ட் 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து தனக்கென்று சொந்தச் சாவிப்பெட்டி வைத்திருக்கிறது, ஜிபிஜி பெட்டியைப் பார்ப்பதில்லை. அதன் ஓப்பன்பிஜிபி கீ மேனேஜரில் கோப்பிலிருந்து தனியாக இம்போர்ட் செய்யவேண்டும். அங்கே முதன்மைக் கடவுச்சொல் வைக்க மறக்காதீர்கள். சாவிப்பெட்டிக்குக் காவல் அதுதான்.

கடற்கரை ஓரம் வீடு. கஜா புயலில் மேசைக் கணினி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் போயிற்று. மூலச்சாவி நகலை எப்படி, எங்கே வைப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வேதாரண்யம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் உங்கள் ஊரை ஒட்டிக் கரை கடந்த புயல் அது. ஒரே வீட்டில் மூன்று நகல் வைத்தாலும் கணக்கில் ஒரு நகல்தான் என்பதை உங்கள் பகுதிக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குறைந்தது ஒரு நகல் கடற்கரையை விட்டு உள்ளே, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ நெருங்கிய உறவினர் வீட்டில் அல்லது வங்கி லாக்கரில் இருக்கட்டும். இரண்டு பென்டிரைவ், வேறு வேறு தயாரிப்பாளருடையவை. உப்புக் காற்றில் யுஎஸ்பி முனை பச்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். வருடம் ஒருமுறை, மேட்டூர் திறக்கும் ஜூன் 12 என்று நாள் வைத்துக்கொண்டாலும் சரி, எடுத்துச் செருகி இம்போர்ட் ஆகிறதா என்று பாருங்கள். பல வருடம் மின்சாரமே காணாத ஃபிளாஷ் நினைவகம் தகவலை இழக்கக்கூடும்.

காகிதத்தையும் நம்பலாம். பேப்பர்கீ என்ற சிறிய நிரல் சாவியின் ரகசியப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்து எழுத்துகளாக அச்சிடத் தரும். ஒவ்வொரு வரி முடிவிலும் சரிபார்ப்பு எண் இருப்பதால் திரும்பத் தட்டும்போது பிழை நேர்ந்த வரி தெரிந்துவிடும். இதற்குக் கொடுக்கும் சாவிக் கோப்பு ‘--ஆர்மர்’ இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்ததாக இருக்கவேண்டும். மீட்டெடுக்கும் நாளில் உங்கள் பொதுச் சாவியும் வேண்டும். அது ரகசியம் அல்ல, நான்கு இடத்தில் போட்டு வையுங்கள். ஈடி25519 சாவி என்றால் சில வரிகளில் முடிந்துவிடும். ஆர்எஸ்ஏ 4096 என்றால் பக்கக் கணக்கு.

அச்சுக்கு லேசர் பிரிண்டர்தான். இங்க்ஜெட் மை ஒரு துளி நீரில் கரைந்து ஓடும், பில் இயந்திரத்துத் தெர்மல் தாள் இரண்டு கோடையில் வெளுத்துவிடும். காகிதத்தில் இருப்பதும் கடவுச்சொல்லால் பூட்டிய வடிவமே. நகல் எடுத்த நாளில் என்ன கடவுச்சொல் இருந்ததோ அதுதான் அந்த நகலுக்கு என்றைக்கும். பிறகு கணினியில் கடவுச்சொல் மாற்றினால் லாக்கரில் இருக்கும் நகல் மாறாது. இதை மறந்து, சரியான நகலைக் கையில் வைத்துக்கொண்டே திறக்க முடியாமல் நிற்கக்கூடாது.

ரத்துச் சான்றிதழையும் (முழுச் சாவியையும் செல்லாததாக்கும் கோப்பு) ஓர் உறையில் போட்டு வையுங்கள், ஆனால் மூலச்சாவி நகல் இருக்கும் இடத்தில் வேண்டாம். 2.1 முதல் ஜிபிஜி சாவி உருவாக்கும்போதே ‘ஓப்பன்பிஜிபி-ரெவோக்ஸ்’ ஃபோல்டரில் அதைத் தானாகப் போட்டு வைக்கிறது. தவறிப்போய் இம்போர்ட் ஆகிவிடக்கூடாது என்று முதல் வரிக் கோடுகளுக்கு முன் ஒரு முக்காற்புள்ளி இருக்கும். உண்மையாகவே தேவைப்படும் நாளில் அதை நீக்கிவிட்டு இம்போர்ட் செய்யவேண்டும்.

துணைச்சாவி அடுத்த மாதம் காலாவதி. புதிதாகப் போடுவதா, நீட்டுவதா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

சாவி யார் கையிலும் சிக்கவில்லை என்றால் நீட்டுங்கள். காலாவதித் தேதி சாவிக்குள் செதுக்கப்பட்டதல்ல, மூலச்சாவி போட்ட கட்டுக் கையெழுத்தில் எழுதப்பட்டது. மூலச்சாவி இருக்கும் இடத்தில் ‘ஜிபிஜி --குயிக்-செட்-எக்ஸ்பயர் கைரேகை 1ஒய்’ என்று போட்டு, கடைசியில் மேற்கோளுக்குள் ஒரு நட்சத்திரக்குறி வைத்தால் காலாவதியாகாத எல்லாத் துணைச்சாவிக்கும் இன்றிலிருந்து ஒரு வருடம் கிடைக்கும். ரகசியச் சாவியைத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம், புதிய பொதுச் சாவியை லேப்டாப்பில் இம்போர்ட் செய்தால் போதும். உங்களுக்கு எழுதுகிறவர்களுக்கும் அது போய்ச் சேரவேண்டும், இல்லையென்றால் அவர்கள் பக்கம் பழைய தேதியே நிற்கும். காலாவதியான ஈ சாவியும் பழைய கடிதங்களைத் திறக்கும். அதனால் எந்த நிலையிலும் அதை நீக்க வேண்டாம்.

ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறோம். டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) டோக்கனில் இருக்கும் சாவியையும் இப்படி இன்னொரு கணினிக்கு எக்ஸ்போர்ட் செய்ய முடியுமா?
– கும்பகோணம்

முடியாது. டோக்கனிலிருந்து ரகசியச் சாவி வெளியே வராதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். புதிய கணினியில் டோக்கனுக்குரிய டிரைவரையும், இணையதளம் கேட்கும் கையெழுத்து மென்பொருளையும் நிறுவி, டோக்கனைச் செருகினால் வேலை முடிந்தது. டிஎஸ்சி உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் தருவது. ஜிபிஜி கையெழுத்தை அதற்குப் பதிலாக வரித் தளங்களில் பயன்படுத்த முடியாது.

ரயிலில் லேப்டாப் தொலைந்துவிட்டது. துணைச்சாவிகள் மட்டும்தான் அதில் இருந்தன. இப்போது வரிசையாக என்னென்ன செய்யவேண்டும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

மூலச்சாவி அதில் இல்லாததால் உங்கள் கைரேகையும், அதன்மேல் மற்றவர்கள் போட்ட சாட்சிக் கையெழுத்துகளும் தப்பின. உறையில் இருக்கும் ரத்துச் சான்றிதழைத் தொடாதீர்கள். அது முழுச் சாவியையும் கொன்றுவிடும், இங்கே அது தேவையில்லை.

நம்பிக்கையான ஒரு கணினியை, முடிந்தால் டெய்ல்ஸ் போன்ற லைவ் பென்டிரைவில், இணையம் இல்லாமல் கிளப்புங்கள். மூலச்சாவி நகலையும் உங்கள் கடைசிப் பொதுச் சாவியையும் இம்போர்ட் செய்யுங்கள். ‘ஜிபிஜி --எடிட்-கீ கைரேகை’. உள்ளே துணைச்சாவிகள் வரிசையாகத் தெரியும். ‘கீ 1’ என்று தட்டினால் முதல் துணைச்சாவி வரியில் நட்சத்திரம் விழும், ‘கீ 2’ இரண்டாவதைச் சேர்க்கும். தொலைந்த கணினியில் இருந்தவை எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்த்து ‘ரெவ்கீ’ கொடுங்கள். காரணம் கேட்கும்போது 1-ஐத் தேர்ந்தெடுங்கள், சாவி அந்நியர் கைக்குப் போனது என்று பொருள். எதற்கும் நட்சத்திரம் போடாமல் ‘ரெவ்கீ’ கொடுத்தால் முழுச் சாவியையும் ரத்துசெய்யவா என்று கேட்கும், அங்கே ஆமாம் சொல்லிவிடாதீர்கள். தவறு நேர்ந்தால் ‘சேவ்’ கொடுக்காமல் ‘குயிட்’ கொடுத்து வெளியேறிவிடலாம்.

பிறகு ‘ஆட்கீ’ போட்டுக் கையெழுத்துக்கு ஒன்று, பூட்டுவதற்கு ஒன்று புதிதாகச் சேர்த்து ‘சேவ்’. மூலச்சாவி நகலை மறுபடி எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் பழையதை மாற்றுங்கள். இந்த இடத்தை விட்டுவிட்டால் அடுத்த விபத்தில் புதிய துணைச்சாவிகள் நகலில் இருக்காது. புதிய பொதுச் சாவியைச் சாவி சர்வருக்கும் (பொதுச் சாவிகளை எல்லோரும் எடுத்துக்கொள்ள வைக்கும் இடம்), உங்களோடு கடிதத் தொடர்பில் இருப்பவர்களுக்கும் அனுப்புங்கள். அது சேரும் வரை அவர்கள் பழைய ஈ சாவிக்கே பூட்டி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ரத்தான ஈ சாவி உங்கள் கையில் தொடர்ந்து இருக்கட்டும், பழைய கடிதங்களுக்கு அதுதான் வழி. லேப்டாப்பை எடுத்தவர் கடவுச்சொல்லை உடைத்தால் அதே பழைய கடிதங்கள் அவருக்கும் திறக்கும், ரத்து அதைத் தடுக்காது. அதனால் அந்தக் கடிதங்களில் வங்கி விவரம், வேறு கடவுச்சொல் ஏதும் இருந்தால் அவற்றை இன்றே மாற்றுங்கள்.

ஏ சாவியை எஸ்எஸ்எச் நுழைவுக்குப் பயன்படுத்தியிருந்தால் மேலே சொன்ன ரத்து அங்கே செல்லாது. எஸ்எஸ்எச் சர்வர் ஓப்பன்பிஜிபி ரத்துக் கையெழுத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் நுழையும் ஒவ்வொரு சர்வரிலும், உள்ளே விடவேண்டிய சாவிகளின் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பைத் திறந்து அந்தச் சாவியின் வரியைக் கையால் நீக்கவேண்டும். சாவி சர்வர், நண்பர்கள் எல்லோரும் காத்திருக்கட்டும். இதை முதலில் செய்யுங்கள்.